இரண்டாம் முறை ஊற்றாத தண்ணீர்

நான் பொய் எழுதினேன். அந்தப் பொய்யைக் கண்டுபிடித்தவரை வேலையை விட்டே துரத்தினேன்.

அந்தத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பாராட்டியவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

ஈஜிபுராவில் மேட்டின்மேல் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. அதன் கீழே, சரிவில் ஒரு சந்து. மழை பெய்தால் மொட்டைமாடியிலும் கார் நிறுத்துமிடத்திலும் விழும் தண்ணீரெல்லாம் கேட்டைத் தாண்டிப் பாய்ந்து அந்தச் சந்து வீடுகளுக்குள் நுழையும். அதைத் தடுக்கத்தான் குடியிருப்போர் சங்கத்தார் எங்கள் நிறுவனத்திடம் மழைத்தோட்டம் கேட்டார்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தண்ணீர் வரும் வழியில் பள்ளம் தோண்டி, ஜல்லியும் மணலும் நல்ல மண்ணும் போட்டு, நீரில் நின்றாலும் வெயிலில் காய்ந்தாலும் சாகாத செடிகளை நட வேண்டும். ஓடிவரும் தண்ணீர் அங்கே தங்கி, ஒரு நாளுக்குள் பூமிக்குள் இறங்கிவிட வேண்டும்.

இறங்குமா என்று முன்பே பார்க்க ஒரு சோதனை உண்டு. சிறு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, வடிய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது. முதல் முறை ஊற்றுவது கணக்கில் சேராது. காய்ந்த மண் அதைச் சும்மா குடித்துவிடும். இரண்டாம் முறை ஊற்றுவதுதான் உண்மையைச் சொல்லும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே எனக்கு இது தெரியும்.

நான் ஒருமுறைதான் ஊற்றினேன். நன்றாக இறங்குகிறது என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏன்? அவசரமா? அதுகூட இல்லை... வெயில். எதிரே நிழலில் ஒரு டீக்கடை. அவ்வளவுதான். இதைவிடக் கௌரவமான காரணம் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

செல்வியக்கா திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். எங்கள் மண்வேலைக் குழுவில் இருந்தார். குடியிருந்தது அந்தக் கீழ்ச்சந்தில். இதுவும் எனக்குத் தெரியும். மறுநாள் காலை அவராகவே அந்தக் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். மாலையில் என்னிடம் வந்தார்.

"சார், காலைல ஊத்துன தண்ணி அப்படியே நிக்குது. அடில கல்லு மாதிரி கெட்டியா இருக்குது. பில்டிங் கட்டறப்ப கொட்டின சிமெண்டு கழிவு போல."

"அதெல்லாம் பேடாக்கா, வேண்டாம். சொன்ன மாதிரி செடிய நடுங்க, போதும்."

"எறங்காத தண்ணி எங்க வீட்டுக்குத்தானே சார் வரும்?"

நான் கைபேசியைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

சனிக்கிழமைக்குள் பள்ளம் தோண்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு விடுமுறை. திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், பள்ளத்தின் அடியில் மூன்று இடங்களில் அந்தக் கெட்டித் தளம் உடைக்கப்பட்டிருந்தது. கீழே செம்மண் தெரியும்வரை கடப்பாரையால் இறங்கி, ஜல்லி நிரப்பி வைத்திருந்தார் செல்வியக்கா. ஒற்றை ஆளாக, ஒரே நாளில்!

எனக்கு வியப்பு வரவில்லை. பயம் வந்தது. ஏன் உடைத்தாய் என்று மேலே யாராவது கேட்டால் என் படிவம் வெளியே வரும். முந்திக்கொண்டேன். சொல்லாமல் தோண்டி வேலையைக் கெடுத்துவிட்டார் என்று மேலாளரிடம் சொன்னேன். அன்றே செல்வியக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கடப்பாரையைத் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

உடைத்ததைத் திரும்ப அடைக்கவும் எனக்குச் சோம்பல். அப்படியே மேலே மணலும் மண்ணும் கொட்டி, வெட்டிவேரும் கல்வாழையும் நட்டு முடித்தேன்.

முதல் பெருமழை ஒரு பிற்பகலில் வந்தது. காவலாளியின் கூண்டில் ஒதுங்கி நின்று பார்த்தேன். தண்ணீர் பழுப்பாக உருண்டு வந்து நிமிடங்களில் பள்ளத்தை நிறைத்தது. செடிகளின் நுனி மட்டும் தெரிந்தது. வழியப்போகிறது என்று நினைத்தேன்.

அப்போது ஓரிடத்தில் குமிழிகள் கிளம்பின. பிறகு இன்னோரிடத்தில். பிறகு மூன்றாவது இடத்தில். உலையில் சோறு கொதிப்பதுபோலத் தண்ணீர் அங்கெல்லாம் பொங்கிப் பொங்கி அடங்கியது. அவர் உடைத்த அதே மூன்று இடங்கள்! மண்ணுக்குள் கிடந்த காற்று மேலே வந்தது. தண்ணீர் கீழே போனது. மழை ஓயவேயில்லை. பள்ளத்தில் நீர் அதற்குமேல் ஒரு விரல்கூட ஏறவில்லை.

இதைக் கல்லூரியில் படித்தவன் நான். இதையே தொழிலாகவும் வைத்திருக்கிறேன். ஆனாலும் பூமி தண்ணீரை வாங்கிக்கொள்வதை அன்றுதான் கண்ணால் கண்டேன். உடம்பு சிலிர்த்தது. இத்தனை பெரிய மழைக்கு இடம் கொடுக்க இத்தனை சிறிய வழி போதுமா? கைகூப்பத் தோன்றியது. யாரை நோக்கி என்பதும் தெரிந்தது. கூப்பவில்லை.

மறுநாள் காலை பள்ளத்தில் ஈர மண்ணும் சருகும் மட்டும் கிடந்தன. மேலே தட்டான்கள் பறந்தன. "பர்ஃபெக்ட்டா டிசைன் பண்ணிருக்கீங்க" என்று குடியிருப்போர் சங்கத் தலைவி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்னும் நிறுத்தவில்லை.

இதுவரை சொன்னது பாதிதான்.

இதற்கு முன்பே பொம்மனஹள்ளியில் ஒரு தோட்டம் போட்டிருந்தேன். அங்கும் ஒருமுறைதான் ஊற்றினேன். அங்கும் கீழே வீடுகள் இருக்கின்றன. கடப்பாரை எடுத்துவரத்தான் ஆள் இல்லை. இப்போது அதன் அடியை உடைக்க வேண்டுமென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

போன வாரம் கீழ்ச்சந்தில் செல்வியக்காவைப் பார்த்தேன். தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வாசலில் கட்டியிருந்த செங்கல் தடுப்பை இடித்துக்கொண்டிருந்தார். இப்போது இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாராம்.

"இந்த வருசம் தண்ணி உள்ள வரல சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் கேட்டார்.

"பொம்மனஹள்ளிலயும் நீங்கதான் போட்டீங்களாமே. எங்க ஊர்க்காரங்க நெறைய பேரு அங்க கீழதான் இருக்காங்க. அங்கயும் அடில ஒடச்சி வுட்டீங்களா?"

"ஒடச்சாச்சுக்கா."

"அப்ப சரி சார்." அவர் நிம்மதியாகச் செங்கல்லை நோக்கிக் குனிந்தார்.

நேற்று மழை பெய்தபோது பொம்மனஹள்ளிக்குப் போய் நின்றேன். நெடுநேரம் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. தண்ணீர் நிறைந்து, கேட்டைத் தாண்டி, வீடுகள் இருக்கும் பக்கம் இறங்கிப் போயிற்று.