எக்ஸ்சேஞ்ச் கவுன்டர் அக்கா

புது சாஃப்ட்வேர் தொடங்கிய அன்று கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். தி. நகரில் நாலு மாடி ஜவுளிக்கடை அது. அதற்கு பில்லிங் சாஃப்ட்வேர் அமைத்துக் கொடுத்த கன்சல்டன்ட் நான். முதலாளி எனக்குப் பொன்னாடை போர்த்தி, “தம்பி இல்லைன்னா இது நடந்திருக்காது” என்று மைக்கில் சொன்னார். மறுநாள் காலை போனபோது பிரிண்டருக்கு பேப்பர் மாட்டச் சொன்னார்கள்.

ஒப்பந்தப்படி இன்னும் மூன்று மாதம் தினமும் வந்து ஸ்டாக் ரூமில் உட்கார வேண்டும். எல்லாம் ஒழுங்காக ஓடினால் எனக்கு வேலை இல்லை. கோளாறு வந்தால் கெட்ட பெயர். அடையாறில் பஸ் ஏறும்போதே சலிப்புத் தட்டும். ஏதாவது பழுதாகித் தொலையட்டுமே என்று பல நாள் நினைத்திருக்கிறேன். சின்ன வெற்றிகளைக் கொண்டாடுங்கள் என்று இன்டர்நெட்டில் உபதேசிக்கிறார்களே, அவர்களில் ஒருவரையாவது அந்த ஸ்டாக் ரூமில் என்னோடு உட்கார வைக்க வேண்டும்.

ஆனாலும் எனக்கென்று ஒரு சின்ன வெற்றி இருக்கத்தான் செய்தது. எக்ஸ்சேஞ்ச் கவுன்டர் அக்கா. மேற்கு மாம்பலத்திலிருந்து நடந்தே வருவார். பயிற்சியின்போது மவுஸைத் தொடவே பயந்தவர். இப்போது யாராவது புடவையை மாற்ற வந்தால், “இரும்மா, சிஸ்டத்துல பாத்துச் சொல்றேன்” என்பார். அந்தக் குரலில் இருந்த மிதப்பைக் கேட்கத்தான் நான் பஸ் ஏறினேன் என்றுகூடச் சொல்லலாம்.

இரண்டாவது மாதம் முதலாளி கூப்பிட்டார். திருநெல்வேலிக்காரர், நல்ல மனிதர்தான்.

“சிஸ்டம் ஜம்முன்னு ஓடுது தம்பி. எக்ஸ்சேஞ்சையும் பில்லிங்கிலயே சேத்துரலாம்லா? கவுன்டரைக் குறைக்கலாம்னு முதல்ல சொன்னதே நீங்கதான.”

சொன்னது உண்மைதான். முதல் மீட்டிங்கில் அதைச் சொல்லித்தான் இந்த வேலையையே பிடித்தேன். அப்போது அந்தக் கவுன்டருக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

“அக்காவுக்கு வேற ஏதாவது வேலை குடுக்கலாமே சார்?”

“எங்க போட? எல்லா மாடியிலயும் ஆள் கூடுதலாத்தான் நிக்கி. லாகினை நிறுத்திருங்க.”

“அவங்ககிட்ட முதல்ல நீங்க சொல்லிடுங்க சார்.”

“இன்னைக்கு சாயங்காலமே சொல்லிருதேன்.”

கடை மூடியதும் அக்காவின் லாகினை நிறுத்தினேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை நந்தனம் சிக்னலில் பஸ் நின்றுகொண்டிருந்தது. போன் அடித்தது.

“தம்பி, நான்தான். பாஸ்வேர்டு எடுக்க மாட்டேங்குது. நீ சொன்ன மாதிரி பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் பாத்துப் பாத்துதான் அடிச்சேன். நான் எதுனா கெடுத்துட்டேனா?”



“முதலாளி நேத்து உங்ககிட்ட எதுவும் சொல்லலையா அக்கா?”

“இல்லியே. அவரு நேத்து சீக்கிரமே கெளம்பிட்டாரு. இன்னா விஷயம்?”

அவரே வந்து சொல்லட்டும் என்று போனை வைத்திருக்கலாம். ஆனால் தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு அவர் அதையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

“உங்க மேல தப்பு இல்லக்கா. நான்தான் நிறுத்தினேன். எக்ஸ்சேஞ்சை இனிமே பில்லிங்கிலேயே பண்ணிடுவாங்க. உங்க கவுன்டர்... இனிமே கிடையாது.”

கடையில் போடும் பக்திப் பாட்டு மட்டும் போனில் கேட்டது. பிறகு, “ரெண்டு பேரு பையோட நிக்கிறாங்களே தம்பி” என்றார்.

அவரே போனைக் கொஞ்சம் விலக்கி, அவர்களிடம் சொல்வது கேட்டது.

“பில்லிங்குக்குப் போங்கம்மா. இனிமே அங்கியே மாத்திக் குடுப்பாங்க. சீக்கிரமா முடிஞ்சிடும்.”

பஸ் கிளம்பியது. என் ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு மாதம் பாக்கி இருந்தது. ஸ்டாக் ரூமுக்கு அந்தக் கவுன்டரைத் தாண்டித்தான் போக வேண்டும்.