நாலு வாசல் அறைக்கு ஒரு ஏசி

“…வேற என்ன வேணும்னாலும் செஞ்சுக்கிடுங்க தம்பி. செவத்த ஒடைங்க, ஒயர இழுங்க, நான் ஒண்ணும் சொல்லல. வாசல மட்டும் செங்கல் வச்சு அடைக்கச் சொல்லாதீக” என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். ஏசி மாட்டுவதற்காக விருதுநகரிலிருந்து வந்திருந்த மெக்கானிக் அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. எங்கள் அறையின் நடுவில் நின்று நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி அறை. அதற்குச் சுவருக்கு ஒன்றாக நாலு வாசல்.

“இது வீடாண்ணே, பஸ் ஸ்டாண்டா?”

அப்பா சிரிக்கவில்லை. அவர் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அங்கே வேலை நடக்கிற அறை ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கமும் வாசல் இருக்கும். கதவெல்லாம் தள்ளினாலே வெளிப்பக்கமாகத் திறக்கும். தீ எந்தப் பக்கம் கிளம்பினாலும் இன்னொரு பக்கம் ஓடிவிடலாம். இருபது வருடம் அந்த அறைகளிலேயே புழங்கிய மனுசன், ஆமத்தூர்ப் பக்கம் இடம் வாங்கி வீடு கட்டியபோது அதையும் அதே மாதிரி கட்டிவிட்டார். வீடு என்றால் அந்த ஒரே அறையும், பின்னால் தனியாக இறக்கிய அடுப்படியும்தான். வருகிற விருந்தாளி எந்த வாசலில் செருப்பைக் கழற்றுவது என்று விழிப்பார். பக்கத்து வீட்டு ஆடு கிழக்கே நுழைந்து மேற்கே போகும். அதற்கு எங்கள் வீடு ஒரு குறுக்குப் பாதை.

ஏசி வாங்குகிற அளவுக்கு நாங்கள் ஒன்றும் வசதியானவர்கள் இல்லை. அது அத்தைக்காக வந்தது. அத்தை அப்பாவின் ஒரே தங்கச்சி. அதே கம்பெனியில் அவளைச் சேர்த்துவிட்டது அப்பாதான். முந்தின வருடம் தீபாவளி சீசனில் அவள் இருந்த அறை தீப்பற்றியது. முதுகும் இரண்டு கையும் வெந்து, மதுரை ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து, உயிரோடு வீட்டுக்கு வந்தாள். வெந்து ஆறின தோலில் வேர்வை வராது, வேர்க்காத உடம்பில் சூடு இறங்காது, வெயில் காலத்தை எப்படியாவது குளுமையாகக் கடத்திவிடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எங்கள் ஊரில் போய்க் குளுமைக்கு எங்கே போவது? பங்குனியிலேயே மதியமானால் அத்தைக்கு உடம்பு அடுப்புக்கல்லாகக் கொதிக்கும். அம்மா துணியை நனைத்து நனைத்துப் போட்டுக்கொண்டே இருப்பாள். சித்திரையை எப்படித் தாண்டப்போகிறோம் என்பதுதான் வீட்டில் அப்போது ஒரே பேச்சு.

அம்மா காலண்டர் அச்சடிக்கிற பிரஸ் ஒன்றில் காலண்டர் தலைக்குத் தகரப் பட்டை அடிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே கம்ப்யூட்டர் அறைக்குப் புது ஏசி போட்டார்கள். கழற்றின பழைய ஜன்னல் ஏசியை ஐயாயிரத்துக்குத் தருவதாகச் சொன்னதும், காதில் கிடந்ததை அடகு வைத்து வாங்கி வந்துவிட்டாள். பெட்டி வந்தாயிற்று, இனி காற்று வரவேண்டியதுதான் பாக்கி என்று நாங்கள் நினைத்தோம்.

“பெட்டி வெலைய நெனச்சுச் சந்தோசப்படாதீகக்கா. ஏசிங்கிறது கோவக்கார மாப்பிள்ளை மாதிரி. கூட்டியாற செலவு ஒண்ணு, உக்கார வைக்கிற செலவு ஒண்ணு” என்றார் மெக்கானிக்.

பிறகு விரலை மடக்க ஆரம்பித்தார். மீட்டரிலிருந்து இதற்கென்று தனியாகத் தடித்த ஒயர் இழுக்க வேண்டும். எர்த் போட வேண்டும். மத்தியானம் கரண்ட் இங்கே நோஞ்சானாக வருகிறது, அதனால் ஸ்டெபிலைசர் இல்லாமல் தொடவே கூடாது. சுவரை உடைத்து, மரச்சட்டம் அடித்து, வெளியே இரும்பு ஸ்டாண்டு. மேலே வெறும் தளம், வெயில் நேராக இறங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலே இந்த வாசல்கள்.

“ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற கதைண்ணே இது. மூணு வாசலக் கட்டி அடைச்சாத்தான் இந்தப் பெட்டி தாங்கும். இல்லைன்னா இதவிடப் பெருசாப் பாக்கணும்.”

“எம்புட்டு ஆகும்?”

“கொத்தனார் கூலியோட சேத்து எட்டாயிரத்துக்குக் கொறையாது.”

அம்மா சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடகு வைக்க அவளிடம் இனிக் காது மட்டும்தான் இருந்தது. அப்பாவோ எட்டாயிரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. வாசலை அடைக்கக் கூடாது என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். கடன்கூட வாங்குகிறேன், பெரிய பெட்டியாகப் போடுங்கள் என்றார்.

“ஏங்க, காத்தா முக்கியம், வாசலா முக்கியம்? வேகுறது ஒங்க தங்கச்சி” என்றாள் அம்மா, கட்டிலில் ஈரத்துணியோடு படுத்திருந்த அத்தையைக் காட்டி.

“ஆள் படுக்குற எடத்துல ஓடுறதுக்கு வழி வேணும்.”

“வீட்டுல என்ன வெடியா உருட்டுறோம்?”

இவர்கள் பேசி முடிக்கட்டும் என்று மெக்கானிக் சுவரின் கெட்டியைப் பார்க்க உளியை வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். டங் என்ற சத்தத்தோடு சின்னதாக ஒரு பொறி பறந்தது. கம்பெனியில் இரும்புக்கு இரும்பு முட்டவே விடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் கட்டிலில் அத்தை இல்லை. ஈரத்துணி மட்டும் தரையில் கிடந்தது. தெற்கு வாசலுக்கு வெளியே, கொளுத்துகிற வெயிலில், வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் எழுந்ததையோ ஓடினதையோ நாங்கள் யாருமே பார்க்கவில்லை.

“தாயி, தெரியாமத் தட்டிட்டேன்” என்று மெக்கானிக் உளியைக் கீழே வைத்தார்.

அத்தை மெதுவாக உள்ளே வந்து அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

“பாத்தீகளாண்ணே? நாலு வாசல் இருந்தும் நான் ஒண்ணுலதான ஓடுனேன். அன்னைக்கும் அப்படித்தான். எனக்கு அந்தத் தெக்கு வாசல் ஒண்ணு போதும். மத்ததப் பெட்டிக்குக் குடுத்துருங்க.”

வடக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக், திடீரென்று தன் தொடையிலேயே ஒரு அடி போட்டார்.

“அண்ணே, வாசலுக்கே பெட்டியக் குடுத்துருவோமே! நெல சட்டம் ரெடியா நிக்கி. செவத்த எதுக்கு ஒடைக்கணும்? வடக்க வெயிலும் படாது.”

அதற்கப்புறம் காரியம் விறுவிறு என்று நடந்தது. வடக்கு வாசல் சட்டத்தில் பலகை அடித்து, அதன் நடுவில் பெட்டியை உட்கார வைத்தார். கிழக்கும் மேற்கும் செங்கல் வைக்காமல் வெறுமனே சாத்தியாயிற்று. கதவு இடுக்கில் செருகுவதற்கு அம்மா பிரஸ்ஸிலிருந்து கழிவுக் காலண்டர் அட்டைகளை அள்ளி வந்தாள். மை தள்ளி அச்சான முருகனும், இரண்டு ஜோடிக் கண்ணோடு லட்சுமியும் இடுக்கெல்லாம் நின்று காவல் காத்தார்கள். தளத்துக்கு நானும் அப்பாவும் சுண்ணாம்பு அடித்தோம். ஸ்டெபிலைசரும் மெக்கானிக்கே பழசாக ஒன்று பார்த்துக் கொண்டுவந்தார். எல்லாம் சேர்ந்து நாலாயிரத்தைத் தொடவில்லை. உளிச் சத்தத்தை நினைத்தோ என்னவோ, அவருடைய கூலியில் பாதியைத்தான் வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் சுவிட்சைப் போட்டார். பெட்டி கிழட்டு லாரி மாதிரி உறுமியது. ஒரு உதறு உதறியது. பிறகு காற்று வந்தது. முதலில் பழைய பிரஸ்ஸின் மை வாசம், அதன் பின்னாலேயே குளிர். அரை மணி நேரம் கழித்து அம்மா அத்தையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கையை எடுக்கவே இல்லை.

“மயினி, போர்வை இருக்கா?” என்றாள் அத்தை.

சித்திரை மாதத்தில் போர்வை கேட்கிறாளே என்று அம்மா சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு நிற்காமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தை கழுத்துவரை போர்த்திக்கொண்டு பொழுது சாயும்வரை தூங்கினாள்.

அவள் எழுந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அப்பா, கிளம்பத் தயாராக இருந்த மெக்கானிக்கிடம் திருப்புளியைக் கேட்டு வாங்கினார். கிழக்குக் கதவில் ஆரம்பித்து, மேற்கு, தெற்கு என்று மூன்று கதவுகளிலும் உள்பக்கத் தாழ்ப்பாளைத் திருகு திருகாகக் கழற்றினார். கொல்லையில் இருந்த எங்கள் கக்கூஸ் கதவுக்கு ஒரு வருடமாகத் தாழ்ப்பாள் இல்லை. அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயம் அது. கடைசியில் அப்பாவுக்குக் காது கேட்டுவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோசம். ஒன்று போதுமே, மூன்று எதற்கு என்று மட்டும் புரியவில்லை.

தாழ்ப்பாள்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அப்பா கிழக்குக் கதவைக் கை படாமல் தோளால் ஒரு இடி இடித்தார். கதவு விரியத் திறந்தது. முருகன் குப்புற விழுந்தார். மேற்குக் கதவையும் அப்படியே இடித்தார். தெற்குக் கதவுக்கு வந்தபோது அத்தையின் கட்டிலிலிருந்து அதற்கு எத்தனை எட்டு என்று நடந்து பார்த்துவிட்டு இடித்தார்.

“குளுரெல்லாம் போகுது, கதவச் சாத்துங்க!” என்று அம்மா கத்தினாள்.

அப்பா கதவைச் சாத்தினார். அட்டையை எடுத்து இடுக்கில் ஒழுங்காகச் செருகினார். பிறகு மறுபடியும் ஒருதரம் தோளால் இடித்துத் திறந்தார்.