தள்ளுபடிக்குத் தூக்கிய கை

என் மனைவியின் தம்பி பதினோரு வருடம் எனக்கு வண்டி ஓட்டினான். அத்தனை வருடத்தில் அவன் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. புது பிக்கப் எடுக்கப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று, முட்டை அட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"மாமா, ஸ்டீயரிங் மட்டும் பவரா எடுத்துருங்க. ஏசி வேண்டாம், பாட்டு வேண்டாம். இது ஒண்ணு போதும்."

"எடுத்தரலாம் மாப்ள," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அதனால்தான் பின்னால் செய்தது இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

நாமக்கல்லைச் சுற்றியிருக்கிற கோழிப் பண்ணைகளில் முட்டை எடுத்து, ராசிபுரம், மெட்டாலா வழியாகத் தம்மம்பட்டி, கெங்கவல்லி வரைக்கும் கடைகளுக்குப் போடுவது என் தொழில். வாரத்தில் ஆறு நாள் வண்டி போகும். பழைய வண்டியின் ஸ்டீயரிங் ஆட்டுக்கல் மாதிரி. கடைவீதியில் நின்ற இடத்தில் திருப்ப வேண்டுமென்றால் உடம்பையே சாய்த்து இழுக்க வேண்டும். இடது கை கியருக்குப் போய்விட்டால் வலது கை ஒற்றையாய் மல்லுக்கட்டும். அப்படி மல்லுக்கட்டித்தான் என் மைத்துனனுக்கு வலது தோள் போனது. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது, இப்போதைக்குக் கை தோள் மட்டத்துக்காவது எழும்புகிறது, இப்படியே ஓட்டினால் அதுவும் எழும்பாது என்றார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நானும் அதைக் கேட்டேன். காது கேட்காத ஆள் இல்லை நான்.

எங்கள் பக்கத்தில் மாடு வாங்கச் சந்தைக்குத் தனியாகப் போகமாட்டோம். குறை சொல்வதற்கென்றே ஓர் ஆளைக் கூட்டிப் போவோம். வாங்குகிறவன் ஆசையாகத் தடவிப் பார்ப்பான். கூட வந்தவன் சுழி சரியில்லை, பல் சேரவில்லை, நடை கோணல் என்று முணுமுணுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கை நழுவிப் போய்விடுமோ என்று விற்கிறவனுக்குப் பயம் பிடிக்க வேண்டும். மாட்டிடம் பழகிய இந்த வித்தையை நாங்கள் நிலத்துக்கும் காட்டுவோம், மோட்டாருக்கும் காட்டுவோம், பெண் பார்க்கப் போன வீட்டில்கூடக் காட்டியிருக்கிறோம். இந்த வேலையில் நான் பேர் போன ஆள். நான் பேசிய விலையைக் கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்று இதுவரை எவனும் சொன்னதில்லை.

ஷோரூமுக்குக் குறை சொல்ல மைத்துனனைத்தான் கூட்டிப் போனேன். போகிற வழியெல்லாம் பாடம் எடுத்தேன். "வண்டியப் பாத்ததும் பல்லக் காட்டீராத. கண்ணாடி சின்னதா இருக்குது, சீட்டு கட்டையா இருக்குதுன்னு எதையாச்சும் சொல்லீட்டே இரு. நான் எந்திரிச்சா நீயும் எந்திரிச்சரோணும்."

"செரிங்க மாமா," என்றான்.

அங்கே போனதும் பவர் ஸ்டீயரிங் வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான். ஆள்காட்டி விரல் ஒன்றை வைத்து ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று சுற்றினான். அவன் முகத்தில் அன்றைக்கு வந்த சிரிப்பை அவன் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"ஒத்த வெரல்ல திரும்புதுங்க மாமா."

விற்பனைக்கார ஆள் பக்கத்திலேயே நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும், கையில் கோப்பு, நெற்றியில் திருநீறு. அவருடைய கண்ணும் சிரித்தது. போச்சு, குடி கெடுத்தான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எறங்குடா கீழ. உன்ற ஊட்டு வண்டியா அது?" என்றேன். ஷோரூமில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் இறங்கி, இறங்கிய கையோடு, "கண்ணாடி சின்னதா இருக்குதுங்க," என்றான். விற்பனைக்காரர் சிரிப்பை அடக்கக் கோப்பைப் புரட்டினார்.

அதற்கப்புறம் ஒண்டியாய் நின்று பேசினேன். கம்பெனி போட்டுத் தரும் பாடியை முதலில் அறுத்துவிட்டேன். எங்கள் ஊரில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகள் சாலை நெடுக இருக்கின்றன. அதனால் எங்களுக்கெல்லாம் ஒரு திமிர். கம்பெனிக்காரன் எதை மாட்டிக் கொடுத்தாலும் நம்ம பட்டறையில் பாதி விலைக்கு மாட்டிவிடலாம் என்கிற திமிர். பனி விளக்கு வேண்டாம், பட்டறையில் போட்டுக்கொள்கிறேன். சீட்டு உறை வேண்டாம், பட்டறை. இன்சூரன்ஸ் வெளியே எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற விற்பனைக்காரரின் பேனா எழுதியதை அடித்துக்கொண்டே வந்தது. கடைசியில் ஓர் இடத்தில் நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இதுக்கு மேல என்ற கைல இல்லீங்க. மேனேஜரப் பாத்துப் பேசிக்குங்க."

மேனேஜருக்குக் கண்ணாடி அறை. சின்ன வயசுக்காரர், இஸ்திரி கலையாத சட்டை. மாதக் கடைசி, அவர் மேசையில் இருந்த விற்பனைக் கணக்கு அட்டையில் இன்னும் நிரம்பாத கட்டங்கள் இருந்தன. அரை மணி நேரம் பேசினேன். ஆள் அசையவில்லை. எழுந்து போகிற நாடகமும் ஆடிப் பார்த்தேன். போய்விட்டு வாருங்கள் என்று கை கூப்பினார். எனக்கு அவமானமாகிவிட்டது. திரும்ப உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. எங்கிருந்து வந்ததோ தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். எனக்குத் தெரியும். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துக் காட்டுகிற அதே இடத்திலிருந்துதான் வந்தது.

"சார், இந்த ஆளு எங்கூட்டுக்காரம்மாவோட தம்பி. இவன் கைக்காகத்தான் பவர் வண்டி கேக்கறேன். மாப்ள, கையத் தூக்கிக் காட்டு."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு இடது கையைத் தூக்கினான்.

"அதில்ல. நோவுற கை."

வலது கையைத் தூக்கினான். தோள் மட்டத்துக்கு வந்து நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"இன்னுங் கொஞ்சம்."

"வரமாட்டீங்குது மாமா."

"பாத்தீங்களா சார். டாக்டர் சீட்டு வேணும்னாலும் காட்றேன். பதினோரு வருசமா ஓட்டறான். இவனப் பாத்தாவது ஒரு வெல சொல்லுங்க."

மேனேஜர் கணினியைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். கை அப்படியே தோள் மட்டத்தில் நின்றுகொண்டிருந்தது. நான் சொல்லாமல் அவன் இறக்கமாட்டான். "அவர மொதல்ல கைய எறக்கச் சொல்லுங்க," என்று மேனேஜர்தான் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு தாளில் ஒரு தொகையை எழுதி என் பக்கம் தள்ளினார். நான் எதிர்பார்த்ததைவிட அதிகத் தள்ளுபடி. மனதுக்குள் துள்ளினேன்.

மைத்துனன், "தண்ணி குடிச்சுட்டு வாரேங்க," என்று வெளியே போனான். அவன் போன பிறகு நான் கேட்டேன். "இதே தள்ளுபடிய, பவர் இல்லாத சாதா வண்டிக்குப் போட்டா எவ்வளவு வருங்க?"

மேனேஜர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். மைத்துனன் மறுபடியும் அந்த வண்டியில் ஏறி, சாவியைத் திருகி உட்கார்ந்திருந்தான். யாரும் கவனிக்கவில்லை என்ற நினைப்பில் விரலால் ஸ்டீயரிங்கைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அது அவருக்காகக் குடுத்ததுங்க," என்றார்.

"ஆருக்காகன்னு பில்லுல எழுதுவீங்களா?"

மேனேஜர் அட்டையின் கட்டங்களைப் பார்த்தார். மாதக் கடைசி. கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார்.

இரண்டு வண்டிக்கும் இருந்த வித்தியாசம் எனக்கு ஒரு மாதத்து முட்டை லாபம்கூட இல்லை. ஆனால் பாடியை அரை அடி உயர்த்திக் கட்டினால் இன்னும் இரண்டு அடுக்கு அட்டை ஏற்றலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்தப் பணம் அதற்குச் சரியாக வந்தது. ஸ்டீயரிங்கைப் பட்டறையில் மாட்டிக்கொள்ளலாம். எதைத்தான் மாட்டவில்லை நம்ம பட்டறையில்?

வண்டி எடுக்கிற அன்று மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். மைத்துனன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். ஏறி உட்கார்ந்ததும் ஷோரூமில் செய்த மாதிரியே ஆள்காட்டி விரலை வைத்துத் திருப்பினான். திரும்பவில்லை. சாவி போட மறந்துவிட்டோம் என்று நினைத்தான் போலிருக்கிறது, எஞ்சினைக் கிளப்பி மறுபடி விரலை வைத்தான். அப்புறம் இரண்டு கையையும் வைத்தான்.

நான் ஜன்னல் பக்கம் போய், "நம்ம பட்டறையில போட்டுக்கலாம் மாப்ள. பாதி வெல," என்றேன்.

"செரிங்க மாமா."

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தது. விற்பனைக்காரர் மட்டும் கை தட்டினார். மேனேஜர் அறையை விட்டு வெளியே வரவில்லை.

பட்டறைக்காரர் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தார். "மாட்டலாங்க. ஆனா வெளிய மாட்டுனா வாரண்டி போயிருங்க. நாளைக்கு எஞ்சின்ல எது வந்தாலும் கம்பெனிக்காரன் தொடமாட்டான்." மைத்துனன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். நான் அவன் பக்கம் திரும்பவே இல்லை. "அப்ப வாரண்டி முடியட்டும்," என்றேன். வாரண்டி மூன்று வருடம். பாடியை மட்டும் அரை அடி உயர்த்திக் கட்டச் சொல்லிவிட்டு வந்தேன். பாரம் ஏற ஏற ஸ்டீயரிங் இன்னும் கனத்தது.

பதினாலு மாதம் ஓட்டினான். கெங்கவல்லிக் கடைவீதியில் எதிரே பஸ் வந்து வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டியிருந்தால், சாயங்காலம் அவன் இடது கையால் சாப்பிடுவான். என் மனைவி தைலம் தேய்த்துவிடுவாள். "பவர் வண்டி எடுக்கறேன்னு சொன்னீங்களே?" என்று அவள் ஒருநாள் கேட்டதற்கு, "உன்ற தம்பிக்கு ஒடம்பு வணங்கலீன்னா வண்டி மேல பழி போடுவானா?" என்று எகிறினேன். அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அந்தக் கண்ணாடி அறையில் நடந்ததை அவன் அவளிடம் சொல்லவில்லை என்று அப்போது புரிந்தது. சொல்லாமல் விட்டதற்காக எனக்கு அவன்மேல் இன்னும் கோபம் வந்தது. இது என்ன கோபம் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

பொங்கல் முடிந்து ஒரு காலை, சாவியைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினான். "நாளைல இருந்து வரலீங்க மாமா. பண்ணையில வாட்ச்மேன் வேல சொல்லீருக்கறாங்க." அவன் வலது கை அப்போது நெஞ்சுக்கு மேல் வரவில்லை. ஆணிக்கு இடது கையைத்தான் நீட்டினான்.

"ஊருல டிரைவரா இல்ல?" என்றேன்.

புதிதாக வந்த டிரைவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரன். ஒரே ஒரு நாள் தம்மம்பட்டி போய்த் திரும்பினான். "பவர் இல்லாத வண்டிய இந்தக் காலத்துல எவன் ஓட்டுவான்? மாட்டிக் குடுத்தா வரேன், இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கோங்க," என்று சாவியைத் தூக்கிப் போட்டான். ஒரு வாரத்தில் பட்டறைக்கு வண்டியை விட்டு பவர் ஸ்டீயரிங் மாட்டினேன். வாரண்டி போனது. போய்த் தொலையட்டும் என்றேன். முன்பின் தெரியாதவனுக்காக ஒரே வாரத்தில் போய்த் தொலையட்டும் என்றேன்.

போன ஆவணியில் என் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்தில் தாய்மாமன் மாலை போடுகிற நேரம். மைத்துனன் வெள்ளை வேட்டி கட்டி, இரண்டு கையிலும் மாலையை ஏந்தி அவள் முன்னால் வந்து நின்றான். மகள் அவனைவிட உயரம், போதாக்குறைக்கு மணைமேல் நின்றிருந்தாள். இடது கை மேலே போனது. வலது கை நெஞ்சுக்கு நேரே நின்றுவிட்டது. மாலை ஒரு பக்கமாய்ச் சரிந்து தொங்கியது. இன்னொரு தரம் முயன்றான். போட்டோக்காரர், "மாமா, அந்தக் கையையும் மேல தூக்குங்க," என்று குரல் கொடுத்தார். முகூர்த்தம் நெருங்குகிறது என்று ஐயர் என்னைப் பார்த்தார். சம்பந்தி வீட்டார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவசரம், வெட்கம்.

"கையத் தூக்கு மாப்ள," என்றேன்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். சத்தமே போடாமல், மரியாதை குறையாமல் கேட்டான்.

"இன்னைக்கு எவ்வளவு கொறைப்பாங்க மாமா?"

என் மகள் ஏதோ மாமன் கேலி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்து கொடுத்தாள். அவன் இடது கையால் மாலையைப் போட்டுவிட்டான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். என் பக்கத்தில் நின்ற என் மனைவி சிரிக்கவில்லை. "அவன் என்ன கேக்கறான்?" என்றாள். மேளம் கொட்ட ஆரம்பித்துவிட்டது, காதில் விழாத மாதிரி நின்றேன். அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.