விரலில் தொண்ணூற்றொன்பது

வல்லம் வடகாலில் நானும் தம்பியும் ஒரே அறையில் இருந்தோம். ஒரே கம்பெனியில் வேலை. எனக்குப் பகல் ஷிப்ட். அவனுக்கு ராத்திரி. பகலில் தூங்க வெளிச்சம் ஆகாது என்று ஜன்னலை அட்டையால் அடைத்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டியிருந்தான். இங்கே ராத்திரி ஷிப்ட் பையன்கள் அறை எல்லாமே அப்படித்தான்.

ஒரு நாள் விடாத மழை. கரண்ட் இல்லை. ஈர யூனிபார்மோடு போனால் லைனில் நிற்க விடமாட்டார்கள். மத்தியானம் தம்பி இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கனியவிட்டு, அறைக்குள் வைத்து, மேலே சட்டையைக் காயப்போட்டுப் படுத்துவிட்டான். சாரல் அடித்ததால் கதவும் சாத்தியிருந்தது. கனிந்த கரியில் புகை வராது. புகை இல்லாததால் யாருக்கும் பயமில்லை.

சாயங்காலம் நான் வந்தபோது சுவரில் சாய்ந்து கிடந்தான். வாந்தி எடுத்திருந்தான்.

“அண்ணே, தலை வெடிக்குண்ணே. கால் நிக்க மாட்டேங்கு.”

வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். கொரோனா சமயத்தில் வாங்கிய விரல் கிளிப் வைத்திருந்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுவது. தம்பி விரலில் மாட்டினார்.

“தொண்ணூத்தொம்போது கீதுப்பா. எனக்கே இவ்ளோ வராது. மூஞ்சப் பாரு, புது மாப்ள மாதிரி செவந்துகினு கீறான். டூட்டிக்கு மட்டம் போட இன்னா ஆக்ட் குடுக்கறான்!”

தம்பி சிரிக்கப் பார்த்தான்.

சட்டியில் கரி இன்னும் அணையவில்லை. சாரலுக்குக் கதவைச் சாத்திவிட்டு மாத்திரை வாங்கப் போனேன். திரும்பி வந்து எழுப்பினேன். எழவில்லை.

ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கேயும் கிளிப் அதையேதான் காட்டியது. டாக்டரம்மா அதை நம்பவில்லை.

“ரூம்ல நெருப்பு எதாவது வச்சிருந்தீங்களா?”

“கரி இருந்துச்சு மேடம்.”

உடனே ஆக்சிஜன் மாஸ்க் மாட்டச் சொன்னார்.

பிறகு எனக்கு விளங்கும்படி சொன்னார். ரத்தத்தில் ஹீமோகுளோபின் என்று ஒன்று இருக்கிறது. நுரையீரலில் ஆக்சிஜனைப் பிடிக்கும், உடம்பு கேட்கிற இடத்தில் விடும். பிடிப்பதும் விடுவதும்தான் அதன் வேலை. கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசமில்லை. ஹீமோகுளோபின் அதைப் பிடித்தால் லேசில் விடாது. அது ஏறிவிட்டால், கூட ஏறியிருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் சரியாக இறக்காது. மூளை காத்துக் கிடந்து வாடும். அந்த ரத்தமும் நல்ல சிவப்பு. கிளிப்புக்கு வித்தியாசம் தெரியாது.

“பொழச்சிருவானா மேடம்?”

“மூச்சு இருக்கு. மூளைக்கு ஆக்சிஜன் எவ்ளோ நேரம் போகாம இருந்துச்சோ, தெரியலப்பா.”

பிழைத்தான். பேசினான், சாப்பிட்டான். நானும் நம்பினேன். சில வாரம் கழித்து நடை தடுமாறியது. பேச்சு குறைந்தது. அப்படிப் பின்னால் வருவதும் உண்டாம்.

ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறாள். ஊட்டிவிடுகிறாள். நான் வேலை முடிந்து உள்ளே நுழைந்தால் தம்பி எழுந்து நிற்கிறான்.

“வாங்க சார்.”

“ஏல, அது அண்ணன்லா” என்கிறாள் அம்மா.

சரி என்று தலையாட்டுகிறான். மறுநாளும் சார்தான்.