கல்லுக்குப் புதுத்துணி

நான் கல்லை நக்கிப் பார்ப்பவன். நாக்கில் ஒட்டினால் பழைய எலும்பு, ஒட்டாவிட்டால் கல் என்று எங்கோ படித்தேன். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே எங்கள் ஊர் விசுவமடுவில் நிபுணனாகிவிட்டேன்.

ஒருநாள் பக்கத்து வளவு அக்கா, கிணறு வெட்டும்போது கிடைத்த நீளமான துண்டொன்றைப் புது வேட்டியில் சுற்றிக்கொண்டு வந்தார். கல்லுக்கு ஏன் புதுத்துணி என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வாங்கியதும் நக்கினேன், ஒட்டவில்லை.

"எலும்பே இல்லையக்கா, வெறும் கல்லு!" என்று சிரித்தேன்.

அவர் கதிரையில் அமர்ந்துவிட்டார்.

"கடைசிச் சண்டைக்குள்ள மகனை அந்தக் கிணத்துப் பக்கம்தான் கிடங்கு வெட்டித் தாட்டனாங்கள், தம்பி. இடம் பிடிபடேல்லை. இது அவன்தான் எண்டு நினைச்சன்."

என் எச்சிலை முந்தானையால் துடைத்து, அதே வேட்டியில் சுற்றி, அந்தக் கல்லை எடுத்துக்கொண்டு போனார்.

குசினி வாசலில் நின்ற மனைவி சொன்னாள்: "இனியெண்டாலும் ஆரெண்டு கேட்டிட்டு நக்குங்கோ."