முதுகில் விழுந்த கட்டம்

சுனாமி வந்து மூன்று வருஷம் கழித்து என் இதயக் குழாயில் அடைப்பு என்றார்கள். அப்போது கடலூர் - சிதம்பரம் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டராக இருந்தேன். புதுச்சேரியில் தொடை வழியாக டியூப் விட்டு ஸ்டென்ட் வைத்தார்கள். கம்பி சுலபமாக உள்ளே போகவில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் அந்த மேஜையில் மல்லாந்து கிடந்தேன். நெஞ்சுவலி நின்றது. அத்தோடு முடிந்தது என்று வீடு திரும்பினேன்.

மூன்றாவது வாரம் முதுகு அரித்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்த மனைவி, "என்னாங்க இது, சிலேட்ட வச்சு அழுத்துன மாதிரி கட்டமா செவந்து கெடக்கு?" என்றாள்.

கடலூரில் முதலில் பார்த்த டாக்டர் படர்தாமரை என்று களிம்பு கொடுத்தார். தடவினால் எரிந்ததுதான் மிச்சம். அடுத்தவர், "வெந்நீர் ஒத்தடம் ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்று மனைவியைக் கேட்டார். கொடுத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் முதுகு வலிக்கிறது என்று ஒருநாள் நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். "அதான் வெந்துபோச்சு" என்றார்.

அன்றிலிருந்து அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கட்டம் புண்ணாகி நீர் வடிந்தது. மருந்து வைக்கும்போது, "நான்தாங்க பண்ணிட்டேன்" என்பாள். "உடு" என்பேன். ஐந்து மாதம் குப்புறப் படுத்தே தூங்கினேன். வேலைக்குப் போனால் மதியத்துக்குள் சட்டை புண்ணோடு ஒட்டிக்கொள்ளும்.

கடைசியில் அவளுடைய தம்பி எங்கள் இருவரையும் சிதம்பரத்தில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனான். அவர் புண்ணின் ஓரத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஓரம் இவ்ளோ நேரா இருக்கே. ஹார்ட்டுக்கு ஏதாச்சும் பண்ணாங்களா? எவ்ளோ நேரம் ஆச்சு?"

சொன்னேன்.

"எக்ஸ்ரேல பாத்துக்கிட்டேதான் கம்பிய உள்ள விடுவாங்க. அந்தக் கதிர் கட்டமாத்தான் முதுகுல விழும். ரொம்ப நேரம் ஒரே எடத்துல பட்டா யாருக்காவது ஒருத்தருக்கு இப்படி ஆவும். உடனே தெரியாது, வாரக்கணக்குல கழிச்சுதான் தெரியும்."

"அப்ப ஒத்தடத்தால இல்லையா டாக்டர்?" என்றாள் மனைவி.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், "அஞ்சு மாசங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்துத் தைத்தார்கள். ஆற மேலும் எட்டு மாதம் ஆனது. கூட்டத்தில் இடிபட்டு டிக்கெட் கிழிக்க அதன்பிறகு முடியவில்லை. முதலாளி என்னை பஸ் ஸ்டாண்டில் வண்டிகள் வந்து போகும் நேரம் குறிக்கும் வேலையில் உட்கார வைத்தார்.