அறுநூறு பேருக்கான கம்பி

பள்ளிக்கூடத்திலிருந்து நாலேகாலுக்கு வந்ததும் தேவகனி டீச்சர் இரண்டு முறை கை கழுவுகிறார். முதல் முறை எல்லாரையும் போல. இரண்டாம் முறை ஒரு பழைய பல் பிரஷ்ஷால் நக இடுக்குகளைத் தேய்த்து. "சாக்பீஸ் தூளு கம்பிச் சுத்துக்குள்ள போய் உக்காந்துட்டா, அது செத்த கம்பிதான். பொறவு என்ன அடிச்சாலும் எந்திரிக்காது" என்பார். கை நன்றாகக் காய்ந்த பிறகே கட்டிலுக்கு அடியிலிருந்து, அடிக்குரல் ஓசைக்கான நாலு கம்பி பேஸ் கிதார் வெளியே வரும்.

வயது நாற்பத்திரண்டு. வீடு மில்லர்புரம். எட்டாம் வகுப்புப் பெண்களுக்குக் கணக்கு எடுக்கிறார். கிதாரை வாங்கி வந்தது கப்பலில் எஞ்சின் அறை வேலை பார்க்கும் தம்பி எஸ்றா, 1971 ஜூலையில், சிங்கப்பூரிலிருந்து. சாதாரணக் கிதார் என்று நினைத்துத்தான் வாங்கியிருக்கிறார். பெட்டியைத் திறந்தபோது ஆறு கம்பி இருக்க வேண்டிய இடத்தில் நாலு இருந்தது. "ஏலே, ரெண்டு கம்பிய உருவிட்டுல்லா உன் தலையில கட்டிருக்கான்" என்றாராம் அம்மா. வெட்கத்தில் எஸ்றா அதை அப்புறம் தொடவில்லை. டீச்சர் தொட்டார். ஆலயப் பாடகர் குழுவில் ஆண்களின் அடிக்குரலுக்கு எழுதியிருந்த ஸ்வரங்களைப் பார்த்தே பதினான்கு மாதத்தில் வாசிக்கப் பழகிவிட்டார்.

அவரிடம் இரண்டு வகைக் கம்பிகள் உண்டு. ஒன்று பட்டையாகச் சுற்றியது. விரலுக்கு வழுவழுப்பாக இருக்கும், ஓசை மெத்தென்று விழும். இன்னொன்று உருண்டையாகச் சுற்றியது. தடவினால் அரம் போல இருக்கும், ஓசைக்கு ஒரு விளிம்பு உண்டு. தூத்துக்குடி உப்புக்காற்றில் உருண்டைக் கம்பி ஏழு வாரத்தில் மங்கிவிடுகிறது. அப்போது அதைக் கழற்றி இட்லிப் பானையில் கால்மணி நேரம் கொதிக்க வைப்பார். பதினொரு நாளுக்குப் பழைய ஓசை திரும்பும். ஒருநாள் பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், இன்னைக்குக் கம்பி ரசமா?" என்று கேட்டார். "ஆமா, ஒரு தம்ளர் தரட்டுமா? தொண்ட தொறக்கும்" என்றார் டீச்சர். மற்ற கம்பிகள் வெளிநாட்டு பிஸ்கட் டப்பாவில், ஈரம் ஏறாமலிருக்க அரிசிக்குள் புதைந்து கிடக்கும். ஒவ்வொரு சுருளிலும் தேதிச் சீட்டு இருக்கும். நான் பார்த்தவரையில் சீட்டில்லாத சுருள் ஒன்றுகூட இல்லை.

1975ஆம் வருடம், எங்கள் கிறிஸ்தவ ஆலயம் கட்டித் திறந்த நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகையில், அவர் முதன்முறையாக அங்கே வாசித்தார். பட்டைக் கம்பி. ஒத்திகையில் எல்லாருக்கும் பிடித்திருந்தது. பண்டிகை அன்று, கூட்டம் நிறைந்த பிறகு, வெறும் உறுமலாகப் போய்விட்டது. வெளியே யாரோ லாரியை நிறுத்தி எஞ்சினை அணைக்காமல் போய்விட்டார்கள் என்று கடைசி வரிசைக்காரர்கள் நினைத்தார்கள். கமிட்டி கூடியது. அடுத்த பண்டிகையில் இன்னொரு வாய்ப்பு, அதிலும் இப்படியானால் இனி ஆர்மோனியம் மட்டும் என்று தீர்மானம்.

1976 செப்டம்பர் 4, சனிக்கிழமை மாலை ஒத்திகை. காலி ஆலயத்தில் டீச்சர் புத்தம்புதிய உருண்டைக் கம்பிகளோடு உட்கார்ந்தார். முதல் அடியிலேயே விரல் உரசும் சத்தம் சுவரில் பட்டுத் தெறித்தது. பாடகர் குழுத் தலைவர் ஜெபசிங் காதில் விரலை விட்டுக் குடைந்தார்.

"தகரத்துல ஆணிய இழுத்தாப்புல இருக்கே டீச்சர். அந்தப் பழைய கம்பியவே போடுங்க. அது வெண்ணெயால்லா இருந்துச்சு."

"வெண்ணெதான் அண்ணாச்சி. கூட்டத்துல உருகிப் போச்சே."

மைக்செட் மாசானம் ஒலிபெருக்கிப் பெட்டிமேல் சாய்ந்தபடி, "எனக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் கேக்கு" என்றார்.

"உனக்கு எதுதான் வேறயா கேக்கும்? கல்யாண வீட்டுக்கும் எழவு வீட்டுக்கும் ஒரே சத்தத்துலல்லா வைக்க."

சொல்லிவிட்டு டீச்சர் எழுந்து ஆலய வாசலுக்கு, என்னிடம் வந்தார். ஆராதனைக்கு வருகிறவர்களை எண்ணி எழுதும் பொறுப்பு முப்பத்தொரு வருடமாக என்னுடையது.

"பெரியப்பா, போன பண்டிகைக்கு எத்தன பேரு?"

"அறுநூத்திப் பதினாலு."

"சாதா ஞாயித்துக்கெழம?"

"இருநூறை ஒட்டி."

அந்தப் பதிவேட்டை அதுவரை யாரும் ஒரு வேலைக்காகக் கேட்டதில்லை. டீச்சர் ஜெபசிங்கிடம் திரும்பினார். "அறுநூறு பேரு சேலையும் வேட்டியுமா வந்து உக்காந்தா, இந்த உரசலெல்லாம் அந்தத் துணியே குடிச்சிரும். மிச்சம் நிக்கதுதான் நமக்கு வேண்டிய சத்தம்."

"வராத கூட்டத்துக்கா கம்பி போடுதீங்க?"

"வந்த பொறவு போட முடியாதுல்லா. புதுக் கம்பி ராத்திரி முச்சூடும் இழுத்துக் கெடந்தாத்தான் காலைல சுருதி நிக்கும்."

"கூட்டம் வராட்டி?"

"கை இருக்கு அண்ணாச்சி."

மறுநாள் பண்டிகை. எட்டரைக்கு முதல் பாட்டு. நம் சபையின் பழக்கம் ஒன்றை டீச்சர் கணக்கில் சேர்த்திருந்தாரா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. பண்டிகை என்றால் பாதிப் பேர் முதல் வேதபாடம் முடிந்த பிறகுதான் வருவார்கள். அப்போது உள்ளே இருந்தவர்கள் இருநூற்று எழுபது. ஜெபசிங் திரும்பிப் பார்த்தார். டீச்சர் வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகளின் அடிப்பக்கத்தில் லேசாகச் சாய்த்து, நகம் படாமல் கட்டைவிரல் சதையால் மட்டும் தொட்டு வாசித்தார். உரசல் அடங்கியது. ஓசையும் பாதிதான் வந்தது. இரண்டாம் பாட்டிலும் அப்படியே. ஜெபசிங் மறுபடி திரும்பினார். முன்வரிசையில் கமிட்டிக்காரர் இருவர் தலைகளைச் சேர்த்துப் பேசிக்கொண்டார்கள். டீச்சர் அவர்களைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேதபாடம் முடிந்தது. நாசரேத்திலிருந்தும் சாத்தான்குளத்திலிருந்தும் வந்த உறவுக்காரர்கள் குடும்பம் குடும்பமாக உள்ளே நுழைந்தார்கள். பெண்கள் பக்கத்துப் பாய்கள் நிறைந்தன. ஒன்பது பத்துக்கு, மூன்றாம் பாட்டை அறிவித்தபோது, என் எண்ணிக்கை அறுநூற்றிரண்டு. நான் நின்ற இடத்திலிருந்து ஆறு விரல்களை உயர்த்தினேன்.

டீச்சர் உள்ளங்கையைக் கம்பிகளிலிருந்து எடுத்து, சேலையில் ஒருமுறை துடைத்துக்கொண்டு, விரல்களை முழுதாக இறக்கினார். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்ற எனக்கு ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்டது. அதன் மேல் அறுநூறு பேர் பாடினார்கள். ஜெபசிங் அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை.

அது நடந்து இரண்டு வருடமாகிறது. இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில், முதல் பாட்டுக்கு முன், டீச்சர் பாட்டுப் புத்தகத்தைத் திறப்பதற்குள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்க்கிறார். நான் இரண்டு விரல் காட்டுகிறேன். அவர் உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகளின் மேல் மெல்லச் சாய்த்துக்கொள்கிறார்.